எருமைத் தொழுவத்தில் பிறந்தவர்கள்

சிங்கப்பூரில் ஐம்பது வயது தாண்டியவர்களின் பிறப்புச் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்தால், பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்: கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. மலாயில் கண்டாங் என்றால் தொழுவம். கெர்பாவ் என்றால் எருமை. சீனர், மலாய்க்காரர், தமிழர், சீக்கியர், யுரேசியர் என்று எந்தப் பேதமும் பார்க்காமல், எருமைத் தொழுவத்தில் பிறந்தவர் என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. நாட்டை இருபது ஆண்டுகள் ஆண்ட பிரதமர் லீ சியன் லூங்கும் இதற்கு விலக்கில்லை. 1952இல் அவர் பிறந்ததும் அங்கேதான்.

பெயரைக் கேட்டு இன்று சிரிக்கிறவர்கள், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கம் போயிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நடையை எட்டிப் போட்டிருப்பார்கள். ஊருக்கு வெளியே, ரோச்சோர் கால்வாயை ஒட்டிக் கிடந்த ஈர நிலம் அது. தண்ணீருக்குப் பஞ்சமில்லை, புல்லுக்கும் குறைவில்லை. மாடு கட்ட வேறென்ன வேண்டும்? வண்டி இழுக்க, பால் கறக்க, இறைச்சிக்கு என்று நகரத்துக்குத் தேவைப்பட்ட மாடுகளெல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்தன. அவற்றோடு மாட்டுக்காரர்கள், பால்காரர்கள், வண்டிக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் தமிழர்கள். வட இந்தியரும் இருந்தார்கள். இன்றும் தெருப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் அந்தத் தொழிலின் பேரேட்டையே வாசித்துவிடலாம். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை. பெலிலியோஸ் சாலை என்பது கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரி ஒருவரின் பெயர். டெஸ்கர் சாலைக்குப் பெயர் தந்தவர் இறைச்சி வெட்டி விற்றவர். கொஞ்சம் தள்ளிச் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று சொன்னது அதனால்தான்.

அந்த வட்டாரத்துக்குத் தமிழர்கள் வழங்கும் பெயர் தேக்கா. சிங்கப்பூரிலேயே மிகத் தமிழான சொல் எது என்று கேட்டால் பலர் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அது ஹொக்கியென் சீனம். மூங்கில் புதரடி என்று பொருள். கால்வாய்க் கரையில் அடர்ந்திருந்த மூங்கிலைப் பார்த்துச் சீனர்கள் வைத்த பெயரைத் தமிழர்கள் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனை வந்தபோது சீனர்கள் அதையும் மூங்கிலடி மருத்துவமனை என்றே அழைத்தார்கள். மலாய்க்காரர்களுக்கு அது எருமை, சீனர்களுக்கு மூங்கில். தமிழர்கள் மட்டும் தங்களுக்கென்று தனிப்பெயர் எதுவும் வைத்துக்கொள்ளாமல், இரண்டு இரவல் பெயர்களையும் வேண்டியபோது வேண்டியபடி புழங்கினார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் மருத்துவமனை கட்ட யாருக்குத் தோன்றும்? விரும்பி யாரும் வரவில்லை. ஏற்கெனவே மருத்துவமனை இருந்த பேர்ல்ஸ் ஹில் குன்று ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. 1857இல் இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்த பிறகு வெள்ளையர் அரசுக்கு எல்லாக் குன்றின் மேலும் பீரங்கி வைக்கும் ஆசை வந்திருந்தது. நோயாளிகள் கீழே இறங்க வேண்டியதாயிற்று. 1858இல் கண்டாங் கெர்பாவில் பொது மருத்துவமனைக்கு இடம் ஒதுக்கினார்கள். பொது என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அது முதன்மையாக ஐரோப்பியர்களுக்கும் மாலுமிகளுக்கும் போலீஸ்காரர்களுக்கும் உரியது. ஏழைச் சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும் சீன வணிகர் டான் டொக் செங் கொடுத்த பணத்தில் எழுந்த ஏழையர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதுவும் குன்றிலிருந்து இறக்கப்பட்டு, சிராங்கூன் சாலையில் இன்னும் தொலைவுக்குத் தள்ளப்பட்டிருந்தது.

பொது மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே மனநோயாளிகளை அடைத்து வைக்கும் விடுதியும் இருந்தது. 1873 ஜூலையில் அந்த விடுதிக்குள் காலரா புகுந்தது. சுவர் தாண்டினால் மருத்துவமனை. அவசர அவசரமாக நோயாளிகளைக் கிளப்பி, நகரத்தின் இன்னொரு மூலையில் இந்தியச் சிப்பாய்கள் குடியிருந்த சிப்பாய் லைன்ஸ் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான் போனார்கள். திரும்பி வரவே இல்லை. இன்றைய சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. சீன முதியவர்கள் அதை சி பாய் போ என்பார்கள். நம் சிப்பாய்தான் சீன வாயில் அப்படி ஆகிவிட்டான்.

கண்டாங் கெர்பாவில் காலியாக நின்ற கட்டடங்களுக்கு யார் வந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏழைப் பெண்களும் குழந்தைகளும் வந்தார்கள். அவர்களோடு பாலியல் தொழிலாளிகளும் வந்தார்கள், இல்லை, கொண்டுவரப்பட்டார்கள். 1870இல் வந்த தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அந்தப் பெண்களை மருத்துவர் சோதிக்கலாம். மேகநோய் இருப்பதாகத் தெரிந்தால் குணமாகும் வரை அடைத்து வைக்கலாம். அந்த நோயைக் கொடுத்த ஆண்கள் மட்டும் எந்தச் சோதனையும் இன்றி வீட்டுக்குப் போகலாம். இது கருணையால் எழுந்த மருத்துவமனை என்று யாராவது விழா மேடையில் பேசினால் கொஞ்சம் நிறுத்தி வைக்கத்தான் வேண்டும். மாடு, பைத்தியம், காலரா, மேகநோய், அனாதை என்று நகரம் தன் கண்ணில் படக் கூடாது என்று நினைத்த எல்லாவற்றையும் தள்ளிவைத்த இடம் அது. அந்தத் தள்ளிவைப்பில்தான் அது பெண்களின் மருத்துவமனை ஆயிற்று.

பிரசவம் அப்போது இந்தக் கதைக்குள் வரவே இல்லை. பிள்ளைப்பேறு வீட்டில் நடந்தது. மலாய்க் குடும்பங்களுக்கு பீடான், தமிழர்களுக்கு மருத்துவச்சி, சீனர்களுக்கும் அப்படி ஒரு அம்மாள். 1888இலேயே நகரத்தில் ஒரு சிறு பிரசவ மருத்துவமனை வந்துவிட்டது என்றாலும் பெண்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் சாகப் போகிற இடம் என்பது அன்றைய நம்பிக்கை. அங்கே இருக்கும் மருத்துவரோ ஆண், அதுவும் வெள்ளைக்காரர். வீட்டில் மட்டும் பத்திரமா என்றால் அதுவுமில்லை. நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முந்நூறுக்கு மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணவில்லை. கொடியறுத்த கத்தியிலும் கட்டிய துணியிலும் இருந்த கிருமி ஒரு வாரத்தில் பிள்ளையை ஜன்னியாக வந்து கொண்டுபோய்விடும். மருத்துவச்சியின் கைப்பக்குவத்தில் குறையில்லை. அவர் கையில் இருந்த அழுக்குதான் கொன்றது. அந்த வேறுபாடு புரிந்த பிறகு, மருத்துவச்சிகளைப் பிடித்துவைத்துப் பயிற்சி கொடுத்து, பெயரைப் பதிவு செய்யும் முறை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

1920களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரிக்குப் பேறுகாலவியல் பேராசிரியராக ஒருவர் வந்தார். பெயர் ஜே. எஸ். இங்கிலீஷ். மாணவர்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் பிரசவம் நடக்கும் கூடம் ஒன்று வேண்டும். கண்டாங் கெர்பாவில் பழைய பெண்கள் மருத்துவமனை இருந்தது. 1924 அக்டோபர் 1ஆம் தேதி அங்கே முப்பது படுக்கைகளோடு இலவசப் பிரசவ மருத்துவமனை திறந்தது. அந்தத் தேதியைத்தான் இன்று பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். இலவசம் என்ற அந்த ஒரு சொல்தான் பெண்களை அசைத்தது என்று நினைக்கிறேன். மருத்துவச்சிக்குக் கொடுக்கக் கையில் காசில்லாதவள்தான் முதலில் வந்திருப்பாள். உயிரோடு, பிள்ளையோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். அடுத்த வீட்டுக்காரி அதைப் பார்த்திருப்பாள். மருத்துவமனைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

ஜப்பானியர் காலத்தில் அதற்கு ஜப்பானியப் பெயர் வைத்தார்கள், சூவோ பியோயின், அதாவது மத்திய மருத்துவமனை. வெள்ளை மருத்துவர்கள் சிறை முகாமுக்குப் போனார்கள். இதுவரை அவர்களுக்குக் கீழே கைகட்டி நின்ற உள்ளூர் மருத்துவர்கள் பொறுப்பை எடுத்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. அப்படி எடுத்தவர்தான் பெஞ்சமின் ஷியர்ஸ், யுரேசியர். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போக வேண்டியவர், போர் குறுக்கே வந்ததால் போகாமல் நின்றவர்.

ஷியர்ஸ் செய்த காரியத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கும்போது கருப்பையின் மேற்பகுதியில் நெடுக வெட்டுவார்கள். அங்கே தசை தடிப்பு. ரத்தம் பெருகும். தையல் ஆறினாலும் அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியில் பிளந்துகொள்ளக் கூடும். கருப்பையின் கீழ்ப்பகுதி மெல்லியது. அங்கே குறுக்காக வெட்டினால் ரத்தம் குறைவு, தழும்பும் உறுதி. இந்தக் கீழ்வெட்டு முறையைச் சிங்கப்பூரில் வழக்கமாக்கியவர் ஷியர்ஸ். இரண்டு பிள்ளை பெறும் பெண்ணுக்கே இது நல்லது. எட்டும் பத்தும் பெற்ற அன்றைய பெண்களுக்கோ இது வாழ்வா சாவா என்ற கேள்வி. பின்னாளில் அவர் சிங்கப்பூரின் இரண்டாவது அதிபரானார். அவர் பெயரில் பெரிய பாலம் இருக்கிறது. அதில் தினமும் காரோட்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, தன் பாட்டி உயிரோடு இருந்ததற்கு அவர் கைக்கத்தி ஒரு காரணம் என்று தெரியும்?

போர் முடிந்ததும் பிள்ளைகள் வந்து குவிந்தன. 1955இல் புதுக் கட்டடத் தொகுதிகள் எழுந்தன. கட்டி முடிப்பதற்குள் அவையும் நிரம்பின. உச்சம் 1966. அந்த ஒரே ஆண்டில் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835. நாளுக்கு நூறுக்கும் மேல். கால் மணி நேரத்துக்கு ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகில் வேறெந்த ஒற்றை மருத்துவமனையிலும் அத்தனை பிரசவம் நடக்கவில்லை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பத்தாண்டு அந்த இடத்தை விட்டு இறங்கவில்லை.

சாதனை என்று படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. வார்டுக்குள் அது வேறு மாதிரி இருந்தது. ஒரு கட்டிலில் இரண்டு தாய்மார்கள். கட்டில் கிடைக்காதவர்களுக்கு மடக்குக் கட்டில், அதுவும் போனால் தள்ளுவண்டி, நடைவழி. சிக்கலில்லாத பிரசவம் என்றால் இருபத்து நான்கு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாதியரை வீடு தேடிப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். மிஸ்ஸி என்று நோயாளிகள் கூப்பிட்ட அந்தத் தாதியர்தான் இந்த மருத்துவமனையின் உண்மையான தூண்கள். ஒரு மிஸ்ஸிக்கு அரைகுறையாக நாலு மொழியாவது தெரிந்திருக்க வேண்டும். பொதுவாகப் பேசச் சந்தை மலாய். வலி உச்சத்தில் இருப்பவளிடம் சந்தை மலாய் செல்லாது. அப்போது அவளுக்குத் தாய்மொழி ஒன்றுதான் காதில் விழும். ‘தெரான், தெரான்’ என்று மலாயில் ஒரு கட்டிலில் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலில் ‘முக்கும்மா, நல்லா முக்கு’ என்று தமிழில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரே கட்டிலில் படுத்த இருவரும் வீட்டுக்குப் போன பிறகு இருக்கும் பத்தியம் வேறுவேறு. சீனப் பெண்ணுக்கு ஒரு மாதம் இஞ்சியும் நல்லெண்ணெயும் அரிசி மதுவும் சேர்த்த சாப்பாடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மலாய்ப் பெண்ணுக்கு நாற்பத்து நான்கு நாள் பந்தாங். வயிற்றை இறுக்கிக் கட்டும் நீளத் துணி, உருவிவிடும் வைத்தியம். தமிழ்ப் பெண்ணுக்குப் பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், சாம்பிராணிப் புகை. மலாய்க் குடும்பத்தார் நஞ்சுக்கொடியைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், கழுவி, புளியும் உப்பும் சேர்த்துப் புதைப்பார்கள். அது பிள்ளையின் உடன்பிறப்பு என்பது அவர்கள் எண்ணம். கிராமத்தில் பிறந்த தமிழ்ப் பாட்டிகளுக்கு இதில் வியப்பு எதுவும் இருந்திருக்காது. பல இனங்கள் வாழும் நகரம் என்று சொல்லும்போது நாம் திருவிழா ஊர்வலங்களைத்தான் நினைக்கிறோம். எனக்கென்னவோ, ஒரு கட்டிலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு முதுகைக் காட்டிப் படுத்திருந்த இரண்டு பச்சை உடம்புக்காரிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் நேசித்தார்களா என்பது யாருக்கும் தெரியாது. இடம் விட்டுக் கொடுத்தார்கள்.

அதே 1966இல்தான் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தை ஆரம்பித்தது. பிள்ளை பெற்ற கையோடு படுத்திருக்கும் பெண்ணைத் தேடி வார்டுக்கே ஆள் வந்து கருத்தடை பற்றிப் பேசுவார். இதைவிடப் பொருத்தமான நேரம் வராது என்பது அவர்கள் கணக்கு. இதைவிடப் பலவீனமான நேரமும் வராது என்பது என் கணக்கு. 1972இல் இரண்டு போதும் என்ற முழக்கம் வந்தது. அடுத்த ஆண்டே அரசு மருத்துவமனைகளில் பிரசவக் கட்டணம் பிள்ளைக்குப் பிள்ளை ஏறத் தொடங்கியது. இலவசம் என்று சொல்லிக் கதவைத் திறந்த இடத்தில் நாலாவது பிள்ளைக்கு அபராதம் போல ஒரு ரசீது. முழக்கம் நன்றாகவே வேலை செய்தது. வேண்டியதற்கும் மேலேயே செய்தது. 1987இல் அரசு குரலை மாற்றி, வசதியிருந்தால் மூன்றும் அதற்கு மேலும் பெறுங்கள் என்றது. அதற்குள் கேட்கிற காது அடைத்துப்போயிருந்தது. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 குழந்தை. ஒன்று கூட இல்லை.

கூட்டம் குறையக் குறைய, மருத்துவர்களுக்கு வேறு காரியங்களை நினைக்கப் பொழுது கிடைத்தது. இங்கேதான் எஸ். எஸ். ரத்னம் வருகிறார். இலங்கையில் பிறந்த தமிழர், பல்கலைக்கழகத்தில் மகப்பேற்றுத் துறைப் பேராசிரியர். 1971 ஜூலையில் அவர் தலைமையில் கண்டாங் கெர்பாவில் பாலின மாற்று அறுவை சிகிச்சை நடந்தது, சிங்கப்பூரில் முதல் முறையாக. தன் உடலில் குடியிருக்க முடியாமல் ஒரு திருநங்கை அவரைத் தேடி வந்திருந்தார். ரத்னம் உடனே சம்மதிக்கவில்லை. படித்தார், பயின்றார், சட்டத்தில் இடமுண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார், பிறகுதான் கத்தியை எடுத்தார். ஊர் ஒதுக்கிய பெண்களை நூறாண்டுக்கு முன் பூட்டி வைத்த அதே தொழுவம், ஊர் ஒதுக்கிய இன்னொரு பெண்ணை இந்தத் தடவை நோயாளியாக மரியாதையோடு உள்ளே அழைத்தது.

1983இல் ரத்னத்தின் குழு இன்னொன்றையும் செய்தது. சோதனைக்குழாய்க் குழந்தை ஒன்று கண்டாங் கெர்பாவில் பிறந்தது. ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று சிங்கப்பூரில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் 1978இலேயே கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் அதைச் செய்துகாட்டினார். யாரும் நம்பவில்லை. அரசு போட்ட விசாரணைக் குழு அவரை ஏளனம் செய்தது. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் சொன்னது உண்மைதான் என்று நாடு ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. ரத்னத்துக்கு வாய்த்த ஆஸ்பத்திரியும் அரசும் அவருக்கு வாய்க்கவில்லை.

1997இல் மருத்துவமனை புக்கிட் தீமா சாலையின் மறுபக்கம் எழுந்த பெரிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. குழந்தை மருத்துவமும் சேர்ந்து, கேகே மகளிர், சிறார் மருத்துவமனை என்று பெயர் மாறிற்று. கேகே என்ற இரண்டு எழுத்துக்குள் எருமையை எப்படியோ மடித்து வைத்துவிட்டார்கள். இன்றைய இளம் தாய்மார்களில் பலருக்கு அது எதன் சுருக்கம் என்று தெரியாது. ஹாம்ப்ஷியர் சாலையில் பழைய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கே இருக்கிறது. கால் மணிக்கொரு பிள்ளை பிறந்த கூடங்களில் இப்போது எந்தப் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

அங்கிருந்து நடந்து பஃபலோ சாலைக்குப் போய்விடலாம். எருமை இல்லை. கடை வாசலில் முருங்கைக்காயும் வாழைத்தண்டும் அடுக்கியிருக்கும். பக்கத்தில் கூடை கூடையாய்ச் சின்னப் பூண்டு. நல்லதாகப் பொறுக்கி எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கும் அம்மாவைப் பார்த்தாலே தெரிந்துவிடும், மகளோ மருமகளோ கேகேயில் இருக்கிறாள் என்று.